ஆடியில் செய்த ஆப்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து பிசுபிசு மழை. துணி காயவில்லை. ஆபீஸ் பஸ் கேளம்பாக்கம் சிக்னலில் நின்றது நின்றதுதான்.

வாங்க: பாத்ரூம் பல்ப், கடலைப்பருப்பு, இவருக்கு பி.பி. மாத்திரை.

நேற்று ஞாயிறு. திருக்கழுக்குன்றம், மாமியார் வீடு. போகாமல் இருந்திருக்கலாம்.

மாமாவும் கொழுந்தன் பாலுவும் நடத்தும் வாடகைக் கடைக்கு (பந்தல், சேர், அண்டா, ஜெனரேட்டர்) ஆப் வந்துவிட்டது. செய்தது யார்? பாலுவின் பெண்டாட்டி தேன்மொழி. என் ஓர்ப்படி. எம்.காம். கல்யாணத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவள். ஒரு வரி கோட் எழுதியதில்லை. இதற்கும் எழுதவில்லை. ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறந்து, பெட்டி பெட்டியாக இழுத்துப் போட்டு, அம்புக்குறியால் இணைத்திருக்கிறாள். ‘புக்கிங் வந்தால்’ ஒரு பெட்டி. அங்கிருந்து அம்பு. ‘சேர் இருக்கிறதா பார்’ இன்னொரு பெட்டி. அங்கிருந்து அம்பு. ‘டிரைவருக்கு மெசேஜ் அனுப்பு.’ முடிந்தது. ஓடுகிறது. ஆடி மாசம் கடையில் வியாபாரம் இல்லை, சும்மா இருந்த நேரத்தில் செய்தாளாம்.

சும்மா இருந்த நேரத்தில்!

நான் பதிமூன்று வருஷமாக நாவலூரில் பேக்கெண்ட் எழுதிச் சம்பாதிக்கிறேன். அத்தைக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பேன். கண்ணுக்குத் தெரிகிற பட்டன் என் வேலை இல்லை அத்தை, அதுக்குப் பின்னால் கணக்கு பார்த்து, யாருக்கு எது போகணும் என்று முடிவு பண்ணுகிறதே, அதுதான் என் வேலை என்று. தலையாட்டுவார். புரிந்ததில்லை. நேற்று தேனு போனைக் காட்டியதும் புரிந்துவிட்டது.

“விஜி, இங்க வந்து பாரேன். தேதியப் போட்டா எத்தினி சேர் கீதுன்னு அதுவே சொல்லுது. நீ ரெண்டு வருசமா செஞ்சுகினே கீறியே, அது இதானா?”

இதுதான் அத்தை. இதேதான்.

சிரித்துவைத்தேன். தாடை வலித்தது. பாயசம் வேண்டாம் என்றேன், சுகர் பார்க்கிறேன் என்று பொய்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தைய பொங்கலன்று எல்லார் முன்னாலும் சொன்னேன், கடைக்கு நான் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன் என்று. இன்று மதியம் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். இருப்பது: தகவல் டேபிள்களின் டிசைன். லாகின். லாகின் படு பாதுகாப்பு, பாஸ்வேர்டை யார் அப்பனாலும் உடைக்க முடியாது. உள்ளே போனால் பார்க்க ஒன்றும் இல்லை.

கான்டீனில் பக்கத்து டேபிள் பையன்கள்:

“மச்சான், அட்மின்ல அந்தப் பொண்ணு கீதே, லீவு அப்ரூவல் மொத்தத்தையும் அதுவே போட்டுகிச்சுடா. கோடே இல்லாம. நம்மகிட்ட டிக்கெட்டே வரல.”

“வரலன்னா விடு. நமக்கு வேலை கம்மி.”

“கம்மியாயினே போய் இல்லாமப் போச்சுன்னா இன்னா பண்ணுவ?”

சாம்பார் சாதத்தைப் பாதியில் மூடினேன்.

நான் என்ன நினைக்கிறேன் என்று இங்கேயாவது எழுதிவிடுகிறேன். வயிறு எரிகிறது. அவள் நல்லவள். அதனால் இன்னும் எரிகிறது. கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தேனு போன் பண்ணினாள்.

“அக்கா, பிஸியா கீறீங்களா? ஒண்ணுமில்ல, அந்த ஆப்ப ஒருவாட்டி பாத்துட்டு சொல்லுங்கக்கா. நான் பாட்டுக்கு இழுத்து இழுத்து வுட்டுகீறேன். உள்ள இன்னா ஓடுதுன்னு உங்களுக்குத்தான தெரியும். முகூர்த்தம் ஆரம்பிக்கப் போவுது, பயமா கீது.”

லாகின் அனுப்பினாள். சாப்பாட்டு நேரத்தில் திறந்தேன். குப்பையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே திறந்தேன்.

குப்பை இல்லை. ரத்தான புக்கிங்கை அழிக்காமல் தனியாக ஒதுக்கியிருக்கிறாள். உடைந்த சேருக்குத் தனிக் கணக்கு. அண்டா திரும்பி வந்தால் கழுவிக் காய ஒரு பொழுது விட்டிருக்கிறாள். இதெல்லாம் என் டிசைனில் இல்லை. ஒரு அண்டாவைக் கழுவ வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

பிறகு பார்த்தேன். கிடைத்தது.

ஆடியில் செய்த ஆப் இது. ஆடியில் ஏது கல்யாணம்? அம்மன் கோயில் கூழ் ஊற்றல்தான். காலையில் அண்டா போகும், சாயங்காலம் திரும்பும். ஒரு விசேஷத்துக்கு ஒரு தேதி போதும். அவள் டெஸ்ட் பண்ணியது எல்லாமே கூழ். இப்போது ஆவணி. 29க்குத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணம் புக் ஆகியிருக்கிறது, கடையின் எல்லாச் சேரும் அதற்கே. 29ஆம் தேதி கல்யாணம் என்று பத்திரிகையில் போட்டால், 28 சாயங்காலமே ரிசப்ஷன். 28 மதியமே சேர் மண்டபத்தில் இறங்கியாக வேண்டும். இது இந்தப் பக்கம் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். டிரைவருக்கு முந்தின நாளே மெசேஜ் போகிற மாதிரிதான் வைத்திருக்கிறாள். ஆனால் ‘சேர் இருக்கிறதா’ பெட்டி மட்டும் கல்யாணத் தேதியை மட்டுமே பார்க்கிறது. 28ஐக் கேட்டால், சேர் எல்லாம் கடையிலேயே இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்கிறது. பொய். அன்று மதியமே எல்லாம் மண்டபத்துக்குப் போயிருக்கும்.

எல்லாரும் கல்யாணத் தேதியைத்தான் சொல்வார்கள். முந்தின நாளை யாரும் வாயால் சொல்வதில்லை, அது சொல்லாமலே தெரிந்தது. சொல்லாததை மெஷின் எங்கே கண்டது?

சரிபண்ண, டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஒரு தேதி சேர்த்து ஒரு பெட்டியை மாற்றினால் போதும்.

எவ்வளவு சந்தோஷம்! நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. கான்டீனில் தனியாகச் சிரித்தேன்.

“தேனு, ஒரு இடத்துல” என்று டைப் அடித்தேன். அழித்தேன்.

“சூப்பர்டா தேனு. கலக்கிட்ட” என்று அனுப்பினேன். கூடவே கைதட்டல் பொம்மை மூன்று.

இப்போதைக்கு 28க்கு வேறு புக்கிங் இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்லலாம். பெட்டி இழுத்தால் மட்டும் போதாது என்று அத்தை காதில் விழ வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நல்ல வெயில். ஈ.சி.ஆர். முழுக்கக் கார்.

அத்தை வீட்டுக்குப் போகவில்லை. பாலுவும் தேனுவும் மாமல்லபுரம் ரிசார்ட் ஒன்றில் மேனேஜரைப் பார்க்கப் போவதாகச் சொல்ல, இவர் “நாங்களும் வரோம், கடலப் பாத்து நாளாச்சு” என்று கிளம்பிவிட்டார். கடற்கரைக் கல்யாணம் எல்லாம் அந்த ரிசார்ட்டில்தான். மாமா எத்தனையோ முறை கேட்டு, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட இடம்.

மேனேஜர் கறார் ஆசாமி. வியாழக்கிழமை 28 சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தம், புல்வெளியில், கைவசம் சேர் இருக்கிறதா என்று கேட்டார். பாலு வாயைத் திறப்பதற்குள் தேனு போனைத் தட்டினாள். பச்சை டிக்.

“கீது சார். எல்லாமே கீது.”

“மத்தவங்கல்லாம் கேட்டு சொல்றேம்பாங்க. நீங்க அதுக்குள்ள பாத்துட்டீங்களே?”

பாலுவுக்குத் தலைகால் புரியவில்லை. “என் வூட்டம்மா செஞ்ச ஆப்பு சார். முன்னாடில்லாம் நானு நாள எண்ணிகினே கெடப்பேன். இப்ப பச்ச டிக்கு வந்தா போதும், வண்டி கெளம்பிடும்.”

“இத நல்லா பண்ணிக் குடுங்க. சீசன் முழுக்க உங்களுக்கே தரேன்.”

நான் பக்கத்தில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்து, “தேனு, ஒரு நிமிஷம்” என்றிருந்தால் முடிந்தது.

அப்போது மேனேஜர் என்னைப் பார்த்து, “இவங்க?” என்றார்.

“எங்க அண்ணி சார். ஐ.டி.ல கீறாங்க,” என்றான் பாலு.

“அப்ப நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா மேடம்?”

நான் பதில் சொல்வதற்குள் தேனு, “ஆமா சார், அக்காதான் எல்லாம்,” என்றாள்.

மரியாதைக்குச் சொன்னாள். தெரிகிறது. எனக்குத்தான் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வர வேண்டியதை அவள் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பிடி கிள்ளி எனக்குப் பிச்சை போடுகிறாளா? ஸ்ட்ராவைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் முட்டுக்காடு வரை இவர் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். “சும்மா சொல்லக் கூடாதுப்பா, மூளை கீது அந்தப் பொண்ணுக்கு.” ஏ.சி.யைக் கூட்டச் சொன்னேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தலைவலி. ஆபீஸில் ஒரு சின்னப் பையனின் கோடைப் பார்த்து, “தேதி எல்லைகளை டெஸ்ட் பண்ணினாயா?” என்று ஏறிவிட்டேன். முகம் சுருங்கிப் போனான்.

நாளை சதுர்த்தி. வாங்க: அருகம்புல், எருக்கம்பூ மாலை, தேங்காய், வெல்லம்.

நாளை சொல்லிவிட வேண்டும். கட்டாயம். இன்னும் ஒரு நாள் இருக்கிறது, வேறு கடையில் சேர் சொல்லிவைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 27, புதன்

சதுர்த்தி. திருக்கழுக்குன்றம். தெருமுனைப் பிள்ளையாருக்கு விடியலிலிருந்தே ஸ்பீக்கர்.

அடுப்படியில் நானும் தேனுவும் மட்டும். கொழுக்கட்டை. அவள் சொப்பு பிடிக்கிறாள், நான் பூரணம் வைத்து மூடுகிறேன். இதைவிட நல்ல சமயம் அமையாது.

“தேனு, நாளைக்கு அந்த மாமல்லபுரம்...” என்று ஆரம்பித்தேன்.

“ஆமாக்கா! தூக்கமே வரலக்கா எனக்கு. இது மட்டும் நல்லா ஆயிடுச்சுன்னா மாமா மெஷின் வாங்கலான்னு சொல்லிகீறாரு. ஜெனரேட்டரு புதுசா.”

அத்தை உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார். என் கொழுக்கட்டை வரிசையில் ரெண்டு வாய் பிளந்து, வெல்லம் வழிந்துகொண்டிருந்தது.

“இன்னாடி விஜி, எல்லாம் வாயப் பொளந்துகினு கீது? தேனு செய்றதப் பாத்துச் செய். அவளுக்கு எதத் தொட்டாலும் வருது.”

“இன்னாவோ சொல்ல வந்தீங்களேக்கா?” என்றாள் தேனு.

“ஒண்ணுமில்ல. என்ன புடவை கட்டப் போறேன்னு கேக்க வந்தேன்.”

மாம்பழக் கலர் பட்டு கட்டப் போகிறாளாம்.

கொழுக்கட்டைக்காக! எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நிமிஷம் அது கொழுக்கட்டை மாதிரி தோன்றவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆபீஸ். வெயில். வேலை ஓடவில்லை.

ஆப்பைத் திறந்தேன். திருக்கழுக்குன்றம் கல்யாணம், பச்சை. மாமல்லபுரம் நிச்சயதார்த்தம், பச்சை.

மதியம் மறுபடி திறந்தேன். கல்யாண மண்டபத்துக்கு வண்டி கிளம்பிவிட்டது. எல்லாச் சேரும்.

மீட்டிங். என்ன பேசினார்கள் தெரியாது.

இவர் போன். “விஜி, பாலு அழுவுறான்டி. சேரெல்லாம் மண்டபத்துல எறக்கிட்டானுங்களாம், கடையில ஒண்ணுகூட இல்லியாம். மாமல்லபுரத்துல ஜனம் வந்துகினு கீதாம். நான் பைக்க எடுத்துகினு போறேன்.”

நானும் போகிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

லீவு போட்டேன். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நான் ஆட்டோவில் போய் இறங்கும்போது புல்வெளியில் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். பட்டுப் புடவைகள் கடல் காற்றில் படபடக்கின்றன. வயதானவர்களை நீச்சல்குளப் படியில் உட்கார வைத்திருந்தார்கள். முகூர்த்த நாள், மதுராந்தகம் வரை எந்தக் கடையிலும் சேர் இல்லை. செங்கல்பட்டில் ஒருவர் தருகிறேன் என்று சொல்லி, பிறகு போனை எடுக்கவில்லை.

பெண்ணின் அப்பா பாலுவின் சட்டையைப் பிடிக்காத குறை. “என் சம்மந்திய நிக்க வச்சுட்டியேடா! அவங்க முகத்துல நான் எப்டிடா முழிப்பேன்?”

தேனு முன்னால் வந்தாள். “அவரச் சொல்லாதீங்க சார். நான் செஞ்ச தப்பு.” மாம்பழக் கலர் பட்டு முழுக்க வியர்வை. ரிசார்ட் வேலைக்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூல்களைக் கெஞ்சி வாங்கி, ரெண்டு ரெண்டாக மணலில் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் தூக்கினேன். எதிரெதிரே வரும்போது, “நீங்க எதுக்குக்கா, கை வலிக்கும்,” என்றாள்.

மேனேஜர் கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். “ஆப்ப நீங்களே வச்சுக்கங்கம்மா. இந்தப் பக்கம் வராதீங்க.”

இன்று காலை அத்தை போன்.

“நீ செஞ்சிருந்தா இப்டி ஆயிருக்குமா விஜி? சொல்லு. அது அதுக்குப் படிச்சவ கையில குடுக்கணும். இவ படம் வரஞ்சு மானத்த வாங்கிட்டா.”

பதிமூன்று வருஷமாக இந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தேன். இனித்தது. பொய் எழுத மாட்டேன், இனித்தது. ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும் வரை இனித்தது.

மதியம் இவர் அங்கே போய்விட்டு வந்து சொன்னார். பாலு ஆத்திரத்தில் கேட்டானாம், “அண்ணிகிட்ட காட்னியா நீயி?” என்று. தேனு சொன்னாளாம்: “காட்னேங்க. அக்காவும் பாத்தாங்க. அவுங்களுக்கே தெரியல. அவுங்க கண்ணுல படாததுக்கு நான் எம்மாத்திரம்?”

அத்தை என்ன சொன்னார் என்று கேட்டேன். இவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். பிறகு சொன்னார்.

“அப்ப விஜிக்கும் ஒண்ணும் தெரியாதா?”

சாயங்காலம் தேனுவின் மெசேஜ். அப்படியே எழுதுகிறேன். “அக்கா சாப்டீங்களா. நீங்க மனசுல வச்சிக்காதீங்க. சில சமயம் பெரிய ஆளுங்களுக்கே கண்ல படாதுக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. உங்கள கேட்டு தொல்ல பண்ணிட்டேன் சாரி.”

எனக்கு ஆறுதல் சொல்கிறாள்!

ஆகஸ்ட் 30, சனி

மேகமூட்டம். பல்ப் இன்னும் மாற்றவில்லை.

இவர் தோசை சாப்பிட்டுக்கொண்டே, “பரவால்ல விடு விஜி. எல்லாருக்கும் ஆவுறதுதான். பதிமூணு வருசம் ஆனாலும் ஒண்ணு ரெண்டு உட்டுப் போவும்,” என்றார். முதுகைத் தட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

இவரும்.

ரெண்டே வழி. ஒன்று, நான் பார்த்தும் தெரியாத மண்டு. இல்லை, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த பாவி. பேசாமல் இருந்தால் முதலாவது. எல்லாரும் பரிதாபப்பட்டு மறந்துவிடுவார்கள், அடுத்த பொங்கலுக்குப் பேச்சே இருக்காது. அவளும் என்னை அக்கா என்றே கூப்பிடுவாள்.

முடியவில்லை. அந்தப் பேரை என்னால் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. மனசாட்சி கினசாட்சி என்று இங்கே எழுதி என்னை நானே ஏமாற்றப் போவதில்லை. எனக்குத் தெரியவில்லை என்று அவள் நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அனுப்பினேன்:

“தேனு, என் கண்ணுல பட்டுச்சு. 21ஆம் தேதி நீ அனுப்பின அன்னிக்கே பட்டுச்சு. சேர் இருக்கான்னு பாக்குற பெட்டி கல்யாணத் தேதிய மட்டும் பாக்குது. சாமான் போற தேதி, திரும்பற தேதின்னு ரெண்டு வச்சு, நடுவுல இருக்கற எல்லா நாளையும் பாக்கச் சொல்லணும். அவ்ளோதான். தெரிஞ்சுதான் சொல்லல.”

உடனே ரெண்டு நீல டிக். டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. பதில் வரவில்லை.

பாத்திரம் தேய்த்தேன். துணி மடித்தேன். பல்பும் மாற்றினேன்.

நான் சொன்ன மாதிரி பெட்டியை மாற்றிவிட்டாளா பார்க்கலாம் என்று சாயங்காலம் ஆப்பைத் திறந்தேன். ‘இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். இல்லை. முதல் நாள் அவள் அனுப்பிய பழைய லிங்க். இல்லை. புக்கிங் பட்டியலுக்கு நேராகப் போகிற முகவரி எனக்கு மனப்பாடம். நம் ஆபீஸ் சீனியர்களே மூட மறக்கிற இடம் அது. அதையும் அடித்துப் பார்த்தேன். மூடியிருந்தாள்.

ஒரு ஓட்டை விடவில்லை.